மதிலில் நாற்பத்தொரு கூடுகள்

லென்ஸ் அக்கா என்ற பெயர் அவருக்கு ஆஸ்பத்திரியில் வந்தது. அங்கே பரிசோதனைக் கூடத்தில் இருபத்து மூன்று வருடம் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்தவர். கைப்பையில் சாவி இருக்கிறதோ இல்லையோ, மடக்கு லென்ஸ் ஒன்று கட்டாயம் இருக்கும். மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி படிக்க, விரலில் ஏறிய மரச்சிராயை எடுக்க, கடையில் வாங்கிய பருப்பில் வண்டு இருக்கிறதா என்று பார்க்க, எல்லாவற்றுக்கும் அதைத்தான் எடுப்பார். "பொண்ணு பாக்கப் போனப்ப இவதான் என்னை லென்ஸ் வச்சுப் பாத்தா" என்று அவருடைய கணவர் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வார்.

கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர். பதினெட்டு வருடத்தில் ஒரு சைக்கிளைக்கூட உரசியதில்லை என்பது அவருடைய பெருமை. பேசாமல் இருந்தால் தலை வெடித்துவிடும் சாதி. அக்கா அதற்கு நேர் எதிர். கேட்டதற்குப் பதில் சொல்வார். கேட்காததை மனசுக்குள் போட்டுப் பூட்டிவிடுவார்.

அந்த வருடம் அவர் பூட்டி வைத்திருந்தது பெரிய விஷயம்.

சலவைக்கடை நடத்துகிற ஒரு பெண்மணி கழுத்தில் கட்டி என்று வந்திருந்தார். ஊசி போட்டு எடுத்த நீரை ஸ்லைடில் தடவி அக்காவிடம் கொடுத்தார்கள். அக்கா பார்த்தார். 'சந்தேகப்படும்படி எதுவும் இல்லை' என்று எழுதினார். கூடத்தின் தலைமை மருத்துவர், பெரிய டாக்டர் என்று எல்லோரும் கூப்பிடுகிற அம்மா, அவசரத்தில் கையெழுத்துப் போட்டார். ஐந்து மாதம் கழித்துக் கட்டி இரண்டு மடங்காகி அந்தப் பெண்மணி திரும்பி வந்தபோது பழைய ஸ்லைடைத் தேடி எடுத்தார்கள். ஓரத்தில், கொத்தாக, பத்துப் பன்னிரண்டு கெட்ட செல்கள். காட்டிவிட்டால் புதிதாகச் சேர்ந்த பயிற்சிப் பெண்ணுக்குக்கூடத் தெரியும். அக்காவின் கண் அதன்மேல் போய்த்தான் வந்திருக்கிறது. பார்த்திருக்கிறார், தெரியவில்லை.

விசாரணை நடந்தது. மறுதேர்வு எழுதித் தேறும்வரை மைக்ராஸ்கோப் பக்கம் போகக் கூடாது என்றார்கள். மாதிரிகளை வாங்கிப் பெயர் எழுதி ஒட்டுகிற ஜன்னலில் உட்கார வைத்தார்கள். அதை அவர் வீட்டில் சொல்லவில்லை. முதல் வாரம் சொல்ல வாயெடுத்தார். கணவர் பேருந்தில் நடந்த சண்டை ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டாவது வாரம், முதல் வாரமே ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வருமே என்று பயந்தார். அப்படியே நான்கு மாதம் ஓடிவிட்டது.

மதிலில் கூடுகளை முதலில் பார்த்தது நாத்தனார். அடுத்த வீடு அவளுடையது. ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். இரண்டு வீட்டுத் தோட்டங்களுக்கும் நடுவில் இருந்தது ஒரே மதில்தான். அவள் பக்கத்து மரத்தின் கிளை இந்தப் பக்கமும் நீண்டிருந்தது.

"அண்ணி, இங்க வாங்களேன். மதில்ல என்னமோ ஒட்டிட்டிருக்கு. போன வாரம் துணி காயப் போட்டப்ப இல்ல, சத்தியமா இல்ல."

மதிலின் மேல்விளிம்புக்கு அடியில், மழை படாத இடத்தில், வரிசையும் இல்லாமல் குவியலும் இல்லாமல் அவை ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றும் நிலக்கடலை நீளம். பழுப்பு நிறம். மரத்தூளில் புரட்டி எடுத்தது போன்ற மேல்புறம். நாத்தனார் எண்ணினாள். நாற்பத்தொன்று.

படம் எடுத்து உறவுக்காரர்கள் குழுவில் போட்டாள். அன்று யாருக்கும் வேறு வேலை இல்லை போலிருக்கிறது. சித்தப்பா பல்லி முட்டை என்றார். பல்லி முட்டை வெள்ளையாக இருக்கும் என்று சித்தி அவரை எல்லோர் முன்னாலும் மடக்கினார். ஒருத்தர் வௌவால் எச்சம் என்றார். பெரிய மச்சான் குளவிக் கூடு, மண்ணெண்ணெய் ஊற்று என்று உத்தரவு போட்டார். பூச்சிகளைக் கண்டுபிடிக்கிற செயலி ஒன்றை நாத்தனார் இறக்கிப் பார்த்தாள். அது பேரீச்சம்பழம் என்றது.

"பட்டுப்புழுவா இருக்குமோ அண்ணி? நாற்பத்தோரு கூட்டுல ஒரு புடவை தேறுமா?"

"ஒரு கைக்குட்டை தேறும்" என்றார் அக்கா.

கணவர் அந்த வாரம் இரண்டு நாள் லீவு போட்டிருந்தார். மதிலைச் சுரண்டி வெள்ளை அடிக்க வேண்டும் என்பது ஒரு வருடத்துத் திட்டம். காலையில் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, பட்டி வைக்கும் தகடும் தென்னந்துடைப்பமுமாக வந்து நின்றவர், மனைவியைக் கூப்பிட்டார்.

"இந்தாம்மா, ஊரே ஆளுக்கொண்ணு சொல்லுது. கண்ணுக்குத் தெரியாத கிருமியையே கண்டுபிடிக்கிறவ நீ. இது என்னன்னு சொல்லு பாப்போம். கை வைக்கலாமா?"

அக்கா லென்ஸை விரித்துக் கூட்டருகே கொண்டுபோனார். வெயில் பக்கவாட்டில் விழுந்தது. பட்டு நூல் போன்ற பின்னலுக்குள் சின்னச் சின்னதாக ஏதோ குத்திட்டு நின்றது. நூல் பிசிறாக இருக்கலாம், தூசியாக இருக்கலாம். ஒரு கணம் கம்பளிப்பூச்சியின் சுணை, தொட்டால் அரிக்கிற அந்த முடி, என்று மனசில் பட்டது. உடனே இன்னொரு குரல் கேட்டது: புழு கூட்டுக்குள் போய்விட்டது, சுணை எப்படி வெளியே இருக்கும்? உனக்கு என்ன தெரியும்? போன தடவையும் தெரிந்த மாதிரிதானே எழுதினாய்?

'தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன், அதுவரை தொடாதீர்கள்' என்று சொல்லியிருக்கலாம். அந்த வீட்டில் அவருக்குத் தெரியாதது என்று எதுவும் இருந்ததில்லை. அந்த வார்த்தை வாயில் வரவில்லை.

"ஏதோ பூச்சிக் கூடுதான். பாத்துப் பண்ணுங்க" என்றார்.

"பாத்துன்னா?"

"பாத்துதான்."

"சரி, டாக்டரம்மா சொல்லிட்டாங்க" என்று சிரித்துக்கொண்டே அவர் தகட்டை எடுத்தார்.

அக்கா வேலைக்குக் கிளம்பிப் போனார். கணவர் சுரண்டினார். காய்ந்த கூடுகள் பொடியாக உதிர்ந்தன. அண்ணாந்து பார்த்தபடி சுரண்டியதால் எல்லாம் முகத்தில் விழுந்தது. துடைப்பத்தால் தட்டினார், தூசி பறந்தது. முன்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாத்தனார் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று பேசிக்கொண்டிருந்தாள். பாதி மதில் முடிந்தபோது இருவருக்கும் அரிப்புத் தொடங்கியது.

சாயங்காலம் அக்கா திரும்பியபோது கணவரின் கைகளிலும் கழுத்திலும் சிவப்புத் தடிப்பு. நாத்தனார் கழுத்தைச் சொறிந்தபடி, "சுண்ணாம்பு ஒத்துக்கல போல" என்றாள். கணவரின் இடது கண் மிளகாய்ப் பழம் போல இருந்தது.

"மண்ணு விழுந்திருக்கு. கழுவிட்டேன், சரியாயிடும்."

சரியாகவில்லை. மறுநாள் தெருமுனை கிளினிக்குக்குப் போனார். கண்நோய் பரவுகிற காலம். அங்கே வந்த எல்லோருக்கும் சிவந்த கண்தான். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, அதே சொட்டு மருந்தை இவருக்கும் எழுதினார். கூடு சுரண்டியதை இவர் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஒரு டாக்டர் பார்த்து முடிவு சொன்ன பிறகு, லேபிள் ஒட்டுகிற நான் யார் என்று விழுங்கிக்கொண்டார்.

மூன்றாம் நாள் வெளிச்சம் பார்க்க முடியவில்லை. நான்காம் நாள் அவர் துணியைக் கண்ணில் கட்டிக்கொண்டு படுத்திருந்தார். பேச்சு நின்றுபோயிருந்தது. அந்த வீட்டில் அவர் பேசாமல் இருந்தது அக்காவுக்கு மற்ற எல்லாவற்றையும்விடப் பயத்தைக் கொடுத்தது.

"மணலைப் போட்டுத் தேய்க்கிற மாதிரி இருக்கு" என்று மட்டும் ஒருமுறை சொன்னார்.

ஐந்தாம் நாள் காலை அக்கா கையுறை மாட்டிக்கொண்டு மதிலடிக்குப் போனார். சுரண்டாமல் விட்ட பாதியில் பதினாறு கூடுகள் மிச்சம் இருந்தன. ஒன்றை இடுக்கியால் பிய்த்து, மாதிரி வாங்குகிற டப்பா ஒன்றில் போட்டு மூடினார். மதிய சாப்பாட்டு நேரத்தில், கூடம் காலியானதும், தான் தொடக் கூடாத மைக்ராஸ்கோப்பின் முன்னால் போய் உட்கார்ந்தார்.

கூட்டின் ஒரு துணுக்கை ஸ்லைடில் வைத்துக் குவியத்தைத் திருப்பினார். தெளிந்து வந்தது பிசிறும் இல்லை, தூசியும் இல்லை. நூற்றுக்கணக்கான முட்கள். ஒவ்வொன்றும் ஈட்டி போல முனை கூரானது. தண்டு முழுக்க ஒரே பக்கமாகச் சாய்ந்த சின்னச் சின்னக் கொக்கிகள். உள்ளே இறங்கினால் மேலும் உள்ளேதான் போகும், திரும்பி வராது. பார்த்த மாத்திரத்தில் அவருக்குக் கணவரின் கண் நினைவு வந்தது.

"இங்க யார் உன்னை உக்காரச் சொன்னது?"

பெரிய டாக்டர் வாசலில் நின்றிருந்தார். அக்கா எழுந்தார். எப்படிச் சொல்வது என்று யோசித்திருந்தது எல்லாம் மறந்துபோயிற்று.

"மேடம், என் வீட்டுக்காரர் கண்ணுல இது இருக்குன்னு நினைக்கிறேன். ஆனா எனக்கு நிச்சயமாத் தெரியல. நீங்க பாருங்க."

பெரிய டாக்டர் திட்டுவதற்குத் திறந்த வாயை மூடிக்கொண்டு குனிந்து பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார்.

"இது நம்ம துறை இல்ல. ஆனா கண்ணுக்குள்ள இருந்தா சொட்டு மருந்துக்கு அடங்காது. விவசாயக் கல்லூரியில பூச்சி பாக்கறவர் ஒருத்தர் இருக்கார், நான் போன் பண்றேன். ஆட்டோ பிடிச்சுப் போ. அவர் பேரைச் சொன்னா கண் ஆஸ்பத்திரியில கேள்வி கேக்காமப் பாப்பாங்க. நீ சொன்னா..." என்று இழுத்து நிறுத்தினார். அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

பூச்சி சார் என்று கல்லூரிக் காவலாளி சொன்ன மனிதர் ஒல்லியானவர். அறை முழுக்க ஊசி குத்திய பெட்டிகள். டப்பாவைத் திறக்கும் முன்பே முகமூடி போட்டுக்கொண்டார். அதிலேயே அக்காவுக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது.

"மதில்ல, மேல்விளிம்புக்கு அடியிலதானே? பக்கத்துல பெரிய மரம் இருக்கா?"

"இருக்கு சார்."

"கம்பளிப்பூச்சிதான். ஆனா நம்ம வழக்கமாப் பாக்கிற வகை இல்ல. இது மரத்து உச்சியிலயே தின்னு வளரும், அதனால யார் கண்ணுலயும் படாது. கூடு கட்டத்தான் கீழ இறங்கும். கட்டறப்ப தன்னோட சுணையை எல்லாம் உதிர்த்து நூலோட சேத்துப் பின்னிடும். வேலி போடற மாதிரி. புழுவைத் தொட்டாக்கூட ஒரு இடத்துலதான் அரிக்கும். காஞ்ச கூட்டை உடைச்சா ஊரெல்லாம் பறக்கும்." இடுக்கியைக் கீழே வைத்தார். "யாராவது உடைச்சாங்களா?"

"என் வீட்டுக்காரர். அண்ணாந்து பாத்துச் சுரண்டினார்."

"எப்ப?"

"அஞ்சு நாளாச்சு."

அவர் டப்பாவை மூடினார். காகிதத்தை இழுத்து, பூச்சியின் பெயரையும் சுணையின் அளவையும் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். "இதைக் கண் டாக்டர்கிட்டக் காட்டுங்க. இமையைத் திருப்பிப் பாக்கச் சொல்லுங்க. இன்னிக்கே."

அக்கா வீட்டுக்குப் போய்க் கணவரை அழைத்துக்கொண்டு கண் ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே டாக்டர் சின்ன வயசுக்காரர். காகிதத்தைப் படித்துவிட்டுக் கணவரை இயந்திரத்தின் முன் உட்கார வைத்தார். மேல் இமையைத் திருப்பினார்.

"கசக்கினீங்களா?"

"கசக்காம எப்படி டாக்டர் இருக்கறது? அஞ்சு நாளா அதான் வேலை."

"ஒவ்வொரு தடவை கசக்கறப்பவும் இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளியிருக்கீங்க."

மரத்துப்போகும் மருந்தை விட்டு, ஊசி முனையாலும் இடுக்கியாலும் ஒவ்வொன்றாக எடுத்தார். ஒன்றே கால் மணி நேரம். இமைக்கு அடியில் ஆறு, கருவிழியின் மேல்பரப்பில் மூன்று. பத்தாவது ஒன்று கருவிழியைத் துளைத்து உள்ளே போயிருந்தது.

"இதை எடுக்கப் போனா நல்லதைவிடக் கெடுதல் அதிகம். உள்ள வீக்கம் வந்து வந்து போகும், மருந்தால அடக்கிப் பாப்போம். பார்வை எவ்வளவு திரும்பும்னு இப்ப சொல்ல முடியாது. முதல் நாளே வந்திருந்தா, பத்தும் மேலாகவே இருந்திருக்கும்."

கண்ணில் கட்டுப் போட்ட பிறகு அரை மணி உட்காரச் சொன்னார்கள். நீண்ட நடைக்கூடத்தில் ஒரு பெஞ்சு. எதிரே சுவரில் எழுத்துகள் பெரிதிலிருந்து சிறிதாகப் போகும் அட்டை. அங்கே வைத்து அக்கா சொன்னார். லென்ஸில் பார்த்தபோதே சுணை என்று பட்டதைச் சொன்னார். கிளினிக்கில் வாயை மூடிக்கொண்டிருந்ததைச் சொன்னார். ஏன் என்று அவர் கேட்டார். அப்போது சலவைக்கடைப் பெண்மணியைப் பற்றியும், ஜன்னலில் உட்கார்ந்திருப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டியதாயிற்று.

அவர் கட்டுப் போடாத கண்ணால் எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலு மாசமா லேபிள் ஒட்டிக்கிட்டிருந்தியா?"

"ஆமாங்க."

"தினமும் நான் 'இன்னிக்கு என்ன கிருமி பிடிச்ச'ன்னு கேக்கறேன். நீயும் ஏதோ ஒண்ணு சொல்லிக்கிட்டிருந்த."

அக்கா கையிலிருந்த மருந்துச் சீட்டை மடித்தார்.

"நான் வண்டியெடுக்கறப்ப பிரேக் சரியில்லன்னு ஒரு சந்தேகம் வந்தா எடுக்க மாட்டேன். நிச்சயமா தெரியணும்னு இல்ல, சந்தேகம் போதும். மேனேஜர் கத்துவார். பயணிங்க கத்துவாங்க. ஒரு தடவை ஒண்ணுமே இல்ல, எல்லாம் சரியா இருந்துச்சு, டெப்போ முழுக்க என்னைப் பாத்துச் சிரிச்சாங்க. சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க." அக்காவின் பக்கம் திரும்பினார். "ஒரு வார்த்தை. 'இருங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நான் என்ன சிரிச்சிருப்பேனா?"

அதற்குப் பிறகு ஒன்பது நாள் அவர் மனைவியிடம் பேசவில்லை. இரண்டு மணிக்கு ஒருமுறை சொட்டு மருந்து போட வேண்டும். அக்கா லீவு எடுத்து, நேரம் தவறாமல் போட்டார். அவர் தலையைச் சாய்த்துக் கண்ணைக் காட்டுவார், போட்டதும் திரும்பிக்கொள்வார். நாத்தனார் நடுவில் நின்று தபால்காரர் வேலை பார்த்தாள். "அண்ணி, அண்ணனுக்குச் சாப்பாடு வேணுமாம்." "அண்ணா, அண்ணி தட்டு வச்சிருக்காங்களாம்." ஒரு நாள் அவளுக்கே அலுத்துவிட்டது. "ரெண்டு பேரும் எனக்குச் சம்பளம் குடுங்க, இல்லாட்டி பேசித் தொலைங்க" என்று கத்திவிட்டுப் போனாள். யாரும் சிரிக்கவில்லை.

மிச்சமிருந்த பதினைந்து கூடுகளை அக்காவும் நாத்தனாரும் பூச்சி சார் சொன்ன முறைப்படி எடுத்தார்கள். முகமூடி, கண்ணாடி, முழுக்கைச் சட்டை. சோப்புத் தண்ணீரைத் தெளித்து ஊறவைத்து, ஈரத்தோடு பிய்த்து, இரட்டைப் பையில் கட்டிப் புதைத்தார்கள். பிறகு அக்கா, புதைக்காமல் எடுத்துவைத்த ஒரு கூட்டை மூடிய கண்ணாடிக் குப்பியில் போட்டுக்கொண்டு தெருவில் வீடு வீடாகப் போனார். வாழ்நாளில் யார் வீட்டு மணியையும் காரணமில்லாமல் அடித்தவர் இல்லை. "இது மாதிரி உங்க மதில்ல இருந்தா காஞ்சபடி தொடாதீங்க. எனக்கு முழுசாத் தெரியாது, தெரிஞ்சவர் சொன்னது" என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னார். சிலர் கேட்டுக்கொண்டார்கள். ஒருவர், "எங்க தாத்தா காலத்துல இருந்து பூச்சி இருக்கு, நாங்க செத்தா போயிட்டோம்?" என்று கதவைச் சாத்தினார். நான்கு வீடுகளில் கூடுகள் இருந்தன. ஒரு வீட்டில் குழந்தை தூங்குகிற ஜன்னலுக்கு வெளியே, நேர் மேலே.

பத்தாம் நாள் சொட்டு மருந்து போட்டபோது கணவர், "கையை நடுங்காமப் பிடி" என்றார். அதுதான் முதல் பேச்சு.

கண் பிழைத்தது, ஆனால் பழைய கண்ணாக இல்லை. பனி படிந்த கண்ணாடி வழியே பார்ப்பது போல் இருக்கிறது என்றார். இரண்டு மாதம் கழித்து டெப்போ மருத்துவச் சோதனையில் அவரைப் பேருந்து ஓட்டத் தகுதியில்லை என்று எழுதினார்கள். வேலையிலிருந்து எடுக்கவில்லை, வண்டிகள் வெளியே போகிற, உள்ளே வருகிற நேரம் குறிக்கிற அறையில் போட்டார்கள். முதல் நாள் போய்விட்டு வந்து சட்டைகூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தார். "நாற்காலி ஆடவே மாட்டேங்குது" என்றார். அக்கா அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார்.

அக்கா மறுதேர்வு எழுதினார். நூறு ஸ்லைடுகள். தொண்ணூற்று நான்கு சரி. ஒன்று தவறு. ஐந்தில் 'உறுதியாகச் சொல்ல இயலவில்லை, இன்னொருவர் பார்க்கவும்' என்று எழுதியிருந்தார். அந்த ஐந்துக்கும் மதிப்பெண் கிடையாது என்பது விதி. தேர்ச்சிக்கு எல்லை தொண்ணூற்று ஐந்து. பெரிய டாக்டர் தாளை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, "ஆறு மாசம் கழிச்சு மறுபடி எழுது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சலவைக்கடைப் பெண்மணி அதே கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் சிகிச்சைக்கு வந்துபோய்க்கொண்டிருந்தார். ஒருமுறை லிஃப்டில் இருவரும் தனியாக இருந்தார்கள். அவருக்கு அக்காவை யாரென்று தெரியாது. எந்த மாடி என்று கேட்டு, பொத்தானை அழுத்தினார். அக்கா நன்றி சொன்னார்.

உள்ளே இருந்த அந்தப் பத்தாவது முள் அவ்வப்போது விழித்துக்கொண்டது. கண் சிவக்கும், வெளிச்சம் குத்தும், ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மூன்றாவது தடவை சிவந்தபோது இருவரும் காலையிலேயே கிளம்பிப் பேருந்து நிறுத்தத்தில் நின்றார்கள். வந்தது அவர் முன்பு ஓட்டிய தடத்து வண்டி. புது ஓட்டுநர், இளைஞன். கணவர் அவனுக்குப் பின்னால் உள்ள இருக்கையில் உட்கார்ந்து, கைக்குட்டையால் கண்ணைப் பொத்திக்கொண்டார். வண்டி மேட்டில் ஏறியபோது முக்கியது.

"ரெண்டாவது கியருக்கு மாத்தணும். சத்தத்துலயே தெரியுதுல்ல" என்று அக்காவின் காதில் சொன்னார்.

"அவர்கிட்டயே சொல்லுங்களேன்."

அவர் கைக்குட்டையைக் கண்ணிலிருந்து எடுத்தார். பிறகு முன்னால் குனிந்து, "தம்பி, தப்பா நினைக்காதீங்க" என்று ஆரம்பித்தார். ஆஸ்பத்திரி நிறுத்தம் வரும்வரை நிறுத்தவில்லை.